கதவைத் தவிர எல்லாம் தேறிவிட்டது

1

இந்த மாதத்தோடு நான் அமெரிக்கா வந்து பதினான்கு வருடம் ஆகிறது. என் மனைவி கவிதா காலையிலேயே கேசரி கிண்டிவிட்டாள். எதற்கு என்று கேட்டேன். "பதினாலு வருஷம் வனவாசம் முடிஞ்சிருக்கு, ஸ்வீட் வேணாமா?" என்றாள். முடிந்ததென்று யார் சொன்னது? கிரீன் கார்டு வரிசை நகர்கிற அழகைப் பார்த்தால், என் பேரன் தன் பேரனோடு போய் வாங்கிக்கொள்வான் என்று தோன்றுகிறது.

ஊருக்குப் போய் ஆறு வருடம் ஆகிவிட்டது. போகலாம், யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. ஆனால் போனால் திரும்பி வர, அங்கே தூதரகத்தில் விசாவுக்குப் புதிதாக முத்திரை வாங்க வேண்டும். அந்த ஆபீசர் என்ன மனநிலையில் இருப்பாரோ, பேப்பரில் எந்தப் புள்ளி இடிக்குமோ, யாருக்குத் தெரியும்? போன மனிதர்கள் எட்டு மாதம் அங்கேயே மாட்டிக்கொண்ட கதையெல்லாம் கேட்டாகிவிட்டது. அதனால் இங்கேயே மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஊர் ஏக்கத்தில் உருகி எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டின் மூத்திர வாடையும் மே மாத வெயிலும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் எழுதுவது ஒரு வேன் கதவைப் பற்றி. முக்கியமாக, கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்குச் சவாரி அடிக்கிறவர்கள் படிக்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

2

நான் வேலை பார்ப்பது ஒரு கார் கம்பெனியில். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் வேலை போகும். வேலை போனால் விசா போகும். விசா போனால் அறுபது நாளில் மூட்டை கட்ட வேண்டும். பதினான்கு வருடத்தில் நான் மனப்பாடமாகக் கற்றுக்கொண்ட கணக்கு இது ஒன்றுதான்.

எங்கள் கம்பெனிக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது மினிவேன். இங்கே அது குடும்பஸ்தர்களின் வண்டி. ஏழெட்டுப் பேர் உட்காரலாம். பக்கக் கதவு நம் வேன்களில் இருப்பது மாதிரிதான், பின்னால் இழுத்துத் திறப்பது. ஆனால் நாம் இழுக்க வேண்டியதில்லை. பட்டனை அமுக்கினால் மோட்டாரே திறந்து மூடும். என்னிடமும் அதுதான் இருக்கிறது. வேறு கம்பெனி வண்டியில் வேலைக்குப் போனால் பார்க்கிங்கின் கடைசிக் கோடியில் நிறுத்திவிட்டுப் பனியில் நடந்து வர வேண்டும். யாரும் திட்ட மாட்டார்கள், நடக்கத்தான் விடுவார்கள்.

என் வேலை என்ன தெரியுமா? நாடு முழுக்க எங்கள் டீலர்களிடம் வரும் புகார்ச் சீட்டுகள் என் கணினிக்கு வரும். ஒவ்வொன்றையும் படித்து மூன்று பெட்டியில் ஒன்றில் போட வேண்டும். 'குறை உண்மை', 'குறை காணப்படவில்லை', 'வாடிக்கையாளரே காரணம்'. முன்பெல்லாம் மூன்று பெட்டியும் சேர்ந்துதான் மேலே போகும். புதிய பெரியவர் ஒருவர் பொறுப்புக்கு வந்த பிறகு, முதல் பெட்டி மட்டும் போனால் போதும் என்றாகிவிட்டது. மறு மாதமே வரைபடத்தில் புகார்க் கோடு சரசரவென்று கீழே இறங்கியது. கேக் வெட்டினார்கள். நானும் ஒரு துண்டு தின்றேன்.

அப்படியானால் தரம் தேறவே இல்லையா என்று கேட்பீர்கள். பொய் சொல்லக் கூடாது, நிறையவே தேறியிருக்கிறது. பழைய என்ஜின் மாதிரி எண்ணெய் குடிப்பதில்லை. கியர் மாறும்போது முதுகில் குத்துவதில்லை. பெயின்ட் உரிவதில்லை. ஆனால் கதவு தேறவில்லை. அது கம்பெனிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 'ஓடும்போது கதவு தானாகத் திறந்தது' என்று வருகிற சீட்டுகளை டீலர் சோதித்துப் பார்ப்பான். நின்றுகொண்டிருக்கும் வண்டியில் கதவு ஒழுங்காக இருக்கும். உடனே 'குறை காணப்படவில்லை'. நான் எடுத்து இரண்டாவது பெட்டியில் போடுவேன்.

எத்தனை போட்டிருப்பேன் என்று எண்ணிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

3

ஆகஸ்ட் மாதம் என் வண்டியிலேயே நடந்தது.

என் மகள் யாழினிக்குப் பதினைந்து வயது. நீச்சல் வகுப்பு முடிந்து அவளை அழைத்துக்கொண்டு வந்தேன். நெடுஞ்சாலையிலிருந்து இறங்குகிற வளைவில், பின்னால் திடீரென்று காற்று இரைந்தது. திரும்பிப் பார்த்தால் கதவு முழுசாகத் திறந்து கிடக்கிறது. யாழினியின் பை வெளியே பறந்துவிட்டது. பெல்ட் போட்டிருந்தாள். இல்லையென்றால், அதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை.

வண்டியை ஓரங்கட்டினேன்.  யாழினி இறங்கி, சாலையில் சிதறிக் கிடந்த நோட்டுகளை எடுக்கப் போனாள். "அம்மாடி, வேணாம், விடு" என்று கத்தினேன். அவள் என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டாள்: "இது நடக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"இல்லம்மா" என்றேன்.

அன்றிலிருந்து அவள் அந்த வண்டியில் ஏறவில்லை. தோழியின் அம்மா வந்து அழைத்துப் போகிறார். வீட்டிலும் பேச்சு குறைந்துவிட்டது. முன்பு பாதித் தமிழ் பேசுவாள், இப்போது அதுவும் இல்லை. நான் கேட்டால் "ஃபைன்" என்று ஒரு சொல், அப்புறம் அறைக் கதவு சாத்துகிற சத்தம். கவிதா மட்டும், "பொண்ணு கண்ணுல நீ எறங்கிட்டடா" என்று முகத்துக்கு நேரே சொன்னாள்.

நான் என்ன செய்தேன்? சூட்கேஸ் கட்டுகிற பெல்ட்டை எடுத்துக் கதவின் உள்பிடியைச் சீட்டுக் காலோடு இழுத்துக் கட்டினேன். அப்படியே வேலைக்குப் போய் அடுத்த சீட்டை எடுத்து அதே இரண்டாவது பெட்டியில் போட்டேன்.

4

என் தம்பி ஏழுமலை சின்னசேலத்தில் இருக்கிறான். பழைய வேன் ஒன்று வைத்திருக்கிறான். கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்கு ஆள் ஏற்றிப் போவான், கல்யாணம், ஆஸ்பத்திரி, சந்தை, எல்லாவற்றுக்கும் அவன்தான். வண்டிக்கு வயதாகிவிட்டது. வளைவுக்கு வளைவு நிறுத்தி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஏறுவான்.

ஆயுதபூசை அன்று எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஊரில் அவன் வண்டிக்குப் பூசை போடுவான், இங்கே நான் போடுவேன், இரண்டும் வீடியோ காலில் ஒரே நேரத்தில் நடக்கும். இந்த வருடமும் அவன் வேன் ஸ்டாண்டிலிருந்து கூப்பிட்டான். பின்னால் ஐந்தாறு டிரைவர்கள் பொரி தின்றுகொண்டு எட்டிப் பார்த்தார்கள். கவிதா வண்டி முழுக்கச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தாள். பம்பர், கண்ணாடி, கதவு ஓரம், எதையும் விடவில்லை. பூசணிக்காய் கிடைக்கவில்லை, இந்த ஊர் ஆரஞ்சுப் பூசணியைத்தான் உடைத்தோம். எதிர்வீட்டுக்காரி ஜன்னல் வழியாகப் பார்த்துத் திரையை மூடிக்கொண்டாள்.

"ண்ணா, இதே கம்பெனி வண்டி இங்கியும் வந்துடுச்சி, தெரியுமா?" என்றான் ஏழுமலை. "எட்டு பேரு உக்காரலாம். ஷோரூம்ல போய்ப் பாத்துட்டு வந்தன். நீ சொல்லு, இப்ப குவாலிட்டி தேறிடுச்சா? முன்னல்லாம் ரொம்ப கம்மின்னு சொல்றாங்களே."

எனக்குத் தெரியும். ஊரில் விற்க ஆரம்பித்திருப்பது அதே வண்டிதான். கதவு, பூட்டு, மோட்டார் எல்லாம் ஒன்றே. பார்ட் நம்பர்கூட மாறவில்லை.

"நல்லா தேறிடுச்சிடா" என்றேன்.

"கதவு பட்டன் அமுக்குனா தானா தொறக்குமாமே? கொஞ்சம் தொறந்து காட்டுண்ணா, இவனுங்க நம்ப மாட்றானுங்க."

கதவுக்கு உள்ளே பெல்ட் கட்டியிருக்கிறது. "சந்தனம் ஈரமா இருக்குடா, கலைஞ்சிடும். அப்பறமா காட்றன்" என்று சொல்லிவிட்டு ஃபோனை வண்டியின் முன்பக்கம் திருப்பினேன். ஸ்டாண்டில் இருந்தவர்கள் "ஆஹா" என்றார்கள். பார்க்க வண்டி அவ்வளவு லட்சணமாகத்தான் இருந்தது.

ஏன் பொய் சொன்னேன்? பதினான்கு வருடமாக அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். வேலை எப்படி? நல்லா இருக்கு. கார்டு? வந்துடும். யாழினி? சூப்பரா படிக்கிறா. ஊருக்குச் சொல்கிற பேச்சில் ஒரு குறைகூடத் தெரியக் கூடாது. அப்பா செத்தபோது போக முடியாததற்குக்கூட "ஆபீஸ்ல விட மாட்றாங்க" என்றுதான் சொன்னேன். போனால் திரும்ப முடியாமல் போகுமோ என்று பயந்தேன் என்று சொல்லவில்லை.

நாலு நாள் கழித்து ஏழுமலை கூப்பிட்டு, புக் பண்ணிவிட்டதாகவும், தை மாதம் வண்டி கைக்கு வரும் என்றும் சொன்னான். தை வரைக்கும் நேரம் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம் என்று என்னையே நான் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

5

அந்த வாரமே வண்டியை டீலரிடம் கொண்டுபோனேன். யோசித்துப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது. கதவு கம்பெனியின் குறை என்று ஒரு காகிதம் கிடைத்தால், அதை வைத்துத் தம்பியிடம் பேச்சை ஆரம்பிக்கலாம் என்பது என் திட்டம். நானே கண்டுபிடித்ததாக இருக்காது, டீலர் சொன்னதாக இருக்கும். அவ்வளவு கோழை.

கவுன்ட்டரில் இருந்தவரிடம் என் ஆங்கிலம் வழக்கம்போலக் காலை வாரியது. இங்கே கூட்டங்களில் அரைமணி நேரம் பேசுகிறவன்தான், கோபம் வந்தால் மட்டும் கள்ளக்குறிச்சி ஆங்கிலம் வந்துவிடும். "டோர் இஸ் கமிங் அவுட்" என்று சொல்லிவிட்டேன். அவர், 'கதவு கழன்று விழுவதாக வாடிக்கையாளர் கூறுகிறார்' என்று எழுதிக்கொண்டார். தோழியின் அம்மா வண்டியில் துணைக்கு வந்திருந்த யாழினி இடையில் புகுந்து சரியாகச் சொன்னாள். அவர் அவளோடு மட்டும் பேச ஆரம்பித்தார். நான் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

இரண்டு மணி நேரம் கழித்துச் சீட்டு வந்தது. 'கதவு விழவில்லை. கதவு சென்சாரின் மீது வாடிக்கையாளர் மஞ்சள், சிவப்பு நிறப் பொருள்களைப் பூசியுள்ளார். படம் இணைக்கப்பட்டுள்ளது.' ஆகஸ்டில் திறந்த கதவுக்கு அக்டோபரில் வைத்த சந்தனம் காரணமாம்! ஆடிப்போய்விட்டேன். "இது என்னய்யா அநியாயம்!" என்று தமிழிலேயே கத்தினேன். அவர் யாழினியைப் பார்த்தார். யாழினி தரையைப் பார்த்தாள்.

காரில் திரும்பும்போது (அவள் தோழியின் அம்மா வண்டியில் போனாள், நான் தனியாக) எனக்கு அந்த ஆள் மேல் கோபமே வரவில்லை. அந்தச் சீட்டு எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். என் மேசைக்கு வரும். மூன்றாவது பெட்டிக்குரியது. தம்பியிடம் கதவைக் காட்டாமல் தப்பிக்க நான் சொன்ன அதே சந்தனத்தைக் கவுன்ட்டர்காரரும் சொல்லித் தப்பித்துக்கொண்டார். நான் எந்த மூஞ்சியோடு சண்டைக்குப் போவது?

6

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஏழுமலை கூப்பிட்டான். அங்கே சாயங்காலம். யாழினி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பால் குடித்துக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கரில் போட்டேன்.

"ண்ணா, முருகேசண்ணன் வண்டி வந்துடுச்சிண்ணா! அதே வண்டி, வெள்ளக் கலரு!"

முருகேசன் அவனுடைய ஸ்டாண்டில் மூத்த டிரைவர். பூசையன்று பொரி தின்றுகொண்டு எட்டிப் பார்த்தவர்களில் ஒருவர்.

"அவரு எதுக்குடா வாங்குனாரு?"

"இன்னாண்ணா இப்டி கேக்குற? அமெரிக்காவுல எங்கண்ணனே அந்தக் கம்பெனிதான், அவனே வச்சிருக்கான்னு நாந்தான் சொன்னன். ஸ்டாண்டுல நாலு பேரு புக் பண்ணிக்கிறாங்க. அவருக்கு ஷோரூம்ல தெரிஞ்ச ஆளு, சீக்கிரமா குடுத்துட்டாங்க. இப்பகூட மேல கல்யாணத்துக்குப் போன சனத்த ஏத்திக்கினு எறங்கிக்கினு இருப்பாரு."

யாழினி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அவளுக்கு அவன் பேச்சு முழுசும் புரிந்திருக்காது. ஆனால் 'வண்டி', 'சனம்' என்ற இரண்டும் புரிந்திருக்கிறது.

"ஏழுமல, அந்த வண்டி வேணாம்டா" என்றேன். "ஓடும்போது கதவு தானா தொறந்துக்குது. ஆகஸ்ட்டு மாசம் எங்க வண்டில தொறந்துச்சி. யாழினி உள்ள இருந்தா."



"பாப்பாவுக்கு இன்னா ஆச்சி?"

"ஒண்ணும் ஆவல. பெல்ட்டு போட்டிருந்தா."

"பூசையன்னிக்கு?"

"உள்ள கட்டி வச்சிருந்தேன்."

"ஆகஸ்ட்டு மாசம்" என்றான். விரல்விட்டு எண்ணுகிறான் என்று தெரிந்தது. "டேய், நான் இங்க யாருக்குடா பெல்ட்டு போடுவன்? ஏறுறதே பதிமூணு பேரு, கதவுல சாஞ்சிக்கினுதான் வருவான். ஏண்டா இப்டி பண்ண? உனக்கு நாங்க இன்னா பண்ணோம்?"

அவன் என்னை 'டா' போட்டது பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை. நான் அழுதுவிட்டேன். அவன் காத்திருக்கவில்லை.

"அழுறதெல்லாம் அப்பறம். முருகேசண்ணனக் கூப்புடறன், லைன்லயே இரு. நீயே சொல்லு. நான் சொன்னா, பொறாமைல சொல்றான்னு நெனப்பாரு."

முதல் தடவை போகவில்லை. மலையில் டவர் கிடைக்காத இடங்கள் உண்டு. இரண்டாவதும் போகவில்லை. கவிதா எழுந்து வந்து நின்றாள். யாழினி என் பக்கத்து நாற்காலிக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். மூன்றாவது தடவை மணி அடித்தது.

"சொல்லு ஏழுமல" என்றது ஒரு கரகரத்த குரல். பின்னால் பாட்டு, சிரிப்பு, குழந்தை அழுகிற சத்தம்.

"முருகேசண்ணே, நான் ஏழுமலையோட அண்ணன் பேசறேன், அமெரிக்காவுலேர்ந்து. வண்டிய ஓரமா நிறுத்துங்க."

"இன்னா தம்பி? வண்டி நல்லாத்தான் போவுது."

"நிறுத்துங்கண்ணே, சொல்றேன்."

நிறுத்தினார். பாட்டை அணைத்தார். சொன்னேன். கதவைப் பற்றி, வளைவைப் பற்றி, என் பெண்ணைப் பற்றி, எனக்குத் தெரிந்தும் பூசையன்று சொல்லாததைப் பற்றி. பாதியில் நிறுத்தாமல் முழுசாகச் சொன்னேன். இந்த நாட்டில் ஒரு மனிதனிடமும் இதை நான் சொன்னதில்லை. சொல்லக் கூடாது என்று கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.



"எறங்கறதுக்கு இன்னும் பாதி வளைவு கீது தம்பி. மெதுவா உருட்டிக்கினு போயிடட்டுமா? தூறல் வேற போடுது. கடைசி பஸ்ஸு வர ஒரு மணி நேரம் ஆவும். கதவோரம் கைக்கொழந்தக்காரி ஒருத்தி குந்திக்கினு கீறா."

மெதுவாகப் போனால் ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். பெரும்பாலான வண்டிகளில் ஒன்றும் ஆவதில்லை. அதைத்தானே எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் சொல்கிறோம், நானும் சொல்கிறேன். யாழினி என் கையைப் பிடித்தாள். "அப்பா, இறங்கச் சொல்லுங்க" என்றாள், தமிழில்.

"எறக்கிடுங்கண்ணே. எல்லாரையும் எறக்கிடுங்க. வண்டி காலியா கீழ வரட்டும்."

"சரி தம்பி" என்றார். ஃபோனை அணைக்கவில்லை, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார் போலிருக்கிறது. "எல்லாம் எறங்குங்கம்மா, எறங்குங்க, வண்டி இதுக்கு மேல போவாது" என்ற அவர் குரல் தூரத்தில் கேட்டது. கதவின் மோட்டார் உறுமி, கதவு திறந்துகொண்டது.

ஒரே கசமுசா. மழையில் எங்கே நிற்பது என்று ஒரு கிழவர் சத்தம் போட்டார். சீர்வரிசைப் பாத்திரம் எதிலோ இடித்தது. ஒரு பெண்குரல் ஃபோனுக்கு மிக அருகில் கேட்டது, கைக்குழந்தைக்காரியாகத்தான் இருக்கும்.

"புது வண்டிதான? யாரு எறங்கச் சொல்றது?"

"இந்த வண்டிய செய்யற கம்பெனிக்காரரும்மா. அமெரிக்காவுலேர்ந்து சொல்றாரு. கதவு சரியில்லியாம்."

"அவுருக்குத் தெரியுமில்ல? அப்ப ஏத்தறதுக்கு முன்னியே சொல்றதுக்கு இன்னா?"

 பதில் சொல்ல வேண்டியவன் நான்.  ஃபோனைக் கையில் பிடித்துக்கொண்டு, கடைசி ஆள் இறங்குகிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தேன்.